கேரவனோடு முதல் வெளிநாட்டுப் பயணம்: சுவிஸ் மலைகளுக்கு எப்படித் திட்டமிடுவது?

#1 ரெடிங்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் இரண்டு வருடமாகக் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு) வைத்திருக்கிறோம். டெவன், வேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட் என்று சுற்றியதோடு சரி, இன்னும் கடல் தாண்டியதில்லை.

வரும் ஜூலையில் அம்மா மதுரையிலிருந்து வருகிறார். வயது 67. போன தடவை வந்தபோது என் போனில் ஒரு மலைப் படத்தைப் பார்த்துவிட்டு, "பனியக் கையில அள்ளிப் பாக்கணும்டா" என்றார். அம்மா எதையும் வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. அதனால் இந்தத் தடவை எப்படியாவது கூட்டிப் போய்விட வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். ஒன்பது வயது மகளையும் சேர்த்து நான்கு பேர்.

14 நாளுக்கு இப்படி யோசித்திருக்கிறேன்: ஃபோக்ஸ்டோனிலிருந்து கடலுக்கு அடியில் வண்டிகளை ஏற்றிப் போகும் சுரங்க ரயில், கலே, ரேம்ஸ், பாஸல். லூசர்னில் 2 இரவு. அங்கிருந்து சுஸ்டன் கணவாய் வழியாக ஆண்டர்மாட், 2 இரவு. ஃபுர்கா, கிரிம்சல் கணவாய்களைத் தாண்டி இன்டர்லாக்கன், 3 இரவு. பிறகு சுற்றிப் போய் செர்மாட் 2 இரவு, ஜெனீவா வழியாகத் திரும்புவது.

கார் டீசல், எடை 1750 கிலோ. கேரவனின் உச்ச எடை 1450 கிலோ. ஆட்டோமேட்டிக் கியர். இந்தத் திட்டம் சரிதானா? எங்கே தப்பு செய்கிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

#2 இழுவைவண்டி

தம்பி, தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். ஊர்கள் எல்லாம் அருமை. ஆனால் மூன்று கணவாய்களிலும் கேரவனை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சுஸ்டன் 2224 மீட்டர், கிரிம்சல் 2164, ஃபுர்கா 2429. காரில் மட்டும் போனால் வாழ்நாளில் மறக்க முடியாத சாலைகள். பின்னால் ஒன்றரை டன் தொங்கினால் ஓட்டுகிறவர் மலையைப் பார்க்கவே மாட்டார், கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். எனக்குப் பாடம் கிடைத்தது இறங்கும்போது. பல வருடம் முன்பு இத்தாலிப் பக்கமிருந்து சிம்ப்லான் கணவாய் ஏறி பிரிக் நகருக்கு இறங்கினேன். 2005 மீட்டரிலிருந்து 700 மீட்டருக்கும் கீழே. அகலமான நல்ல சாலை, வளைவுகளும் பெரியவை. அந்த நம்பிக்கையில் டி கியரிலேயே விட்டு, காலை பிரேக்கில் லேசாக வைத்துக்கொண்டே வந்தேன். கான்டர் பாலம் வருவதற்கு முன்பே ஒரு வாடை. இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகுவதுபோல. மனைவிதான் முதலில் கவனித்தாள். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் கேரவனின் இடது சக்கரத்துக்குள்ளிருந்து நீலமாக மெல்லிய புகை. பிரேக் மிதி அழுத்தினால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஊற்றலாமா என்று மகன் கேட்டான். கூடாது, சூடான பிரேக் டிரம் விரிசல் விட்டுவிடும், தானாக ஆறத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து ஒரே வழக்கம்தான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் கையால் இரண்டுக்கோ மூன்றுக்கோ இறக்கிவிடுவேன். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை நன்றாக ஒரு அழுத்து, வேகம் குறைந்ததும் முழுவதும் விடு. விட்ட நேரத்தில் அது ஆறும். காலை அதன் மேலேயே வைத்திருக்கக் கூடாது.

#3 ஆரேக்கரை

வணக்கம் ரெடிங்காரன் தம்பி. நான் பேர்ண் நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். எங்களிடம் கேரவன் இல்லை, ஆனால் இந்த மலைகளை எல்லாப் பருவத்திலும் பார்த்திருக்கிறேன்.

செர்மாட்டுக்குக் காரே போகாது. ஊருக்குள் வெளிவாகனங்களுக்கு அனுமதி இல்லை. டேஷ் என்ற கீழூரில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் போக வேண்டும். வெங்கன், ம்யூரன் ஊர்களும் அப்படியே. இங்கே மலைக்குப் போவது என்றாலே ரயில், கேபிள் கார், மஞ்சள் நிற போஸ்ட் பஸ் என்றுதான் அர்த்தம். வீட்டைக் கீழே பள்ளத்தாக்கில் வைத்துவிட்டு ஆட்கள் மட்டும் மேலே ஏறுவதுதான் இந்த நாட்டின் வழக்கம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஒரே இடத்தில் ஒரு கிழமை போடுவேன். இன்டர்லாக்கனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான், ஊர் 800 மீட்டர் உயரத்தில், ஏற்றமும் மெதுவானது. கணவாய் ஒன்றும் தாண்டத் தேவையில்லை. முகாம் இடத்தில் கதவைத் திறந்தால் ஸ்டவுப்பாக் அருவி தெரியும், 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. கீழே வரும்போது தண்ணீராக இராது, தூவானமாகத்தான் வரும். அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்து பார்த்துக்கொண்டே இருப்பா.

#4 ரெடிங்காரன்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. அந்தப் புகை விஷயத்தைப் படித்ததும் மனைவி "கணவாய் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஃபுர்கா, கிரிம்சலைப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனசில்லை.

#5 இழுவைவண்டி

பார்க்காமல் ஏன் திரும்ப வேண்டும்? கேரவனை முகாமில் விட்டுவிட்டு ஒருநாள் வெறும் காரில் போய் வாருங்கள். இன்னர்ட்கிர்ஷன் ஊரில் தொடங்கி கிரிம்சல், ஃபுர்கா, ஆண்டர்மாட், சுஸ்டன் என்று ஒரே சுற்று, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மோட்டார் சைக்கிள் கூட்டம் வருவதற்குள் பாதி முடிந்துவிடும்.

#6 ஆரேக்கரை

ஓட்டவும் விருப்பமில்லை என்றால் கோடையில் மைரிங்கனிலிருந்து போஸ்ட் பஸ் அந்தக் கணவாய்கள் வழியே போகிறது. அப்போது தம்பியும் ஜன்னலால் பார்க்கலாம்.

போஸ்ட் பஸ் பற்றி ஒன்று. நீல நிறப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது மலைத் தபால் சாலை. அங்கே இடம் போதாவிட்டால் பஸ் ஓட்டுநர் சொல்வதை நாங்கள் கேட்க வேண்டும். பின்னால் போகச் சொன்னால் போக வேண்டும். வளைவில் மூன்று சுருதியில் ஹாரன் கேட்டால் அகலமான இடத்தில் நின்றுவிடுங்கள்.

#7 கணக்குப்பிள்ளை

எல்லோரும் சாலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் எடையைப் பற்றிப் பேசுகிறேன்.

1450 என்பது கேரவனின் உச்ச எடை. அதாவது சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டக் கூடாத எடை. உங்கள் காரின் எடையில் அது 83 சதவீதம். புதிதாக இழுப்பவர்கள் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று இங்கிலாந்தில் சொல்வார்கள், அந்தக் கணக்கில் நீங்கள் சரி. ஆனால் உண்மையில் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று எப்போதாவது எடை பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்தின வாரம், லாரிகளுக்கான எடை மேடையில். 85 கிலோ கூடுதல்! வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக இறக்கி, குளியலறைத் தராசில் வைத்து எழுதினோம். 20 கிலோ அரிசி மூட்டை. வெட் கிரைண்டர் 11 கிலோ. முன்கூடாரமும் அதன் கம்பிகளும் 32. தண்ணீர்த் தொட்டியில் 40 லிட்டர், அது அப்படியே 40 கிலோ. தண்ணீரைக் கொட்டி, கிரைண்டரை வீட்டில் வைத்து, அரிசியை 5 கிலோவாக்கி, கூடாரத்தைக் காருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

காருக்கு மாற்றும்போது காரின் உச்ச எடையையும் பாருங்கள். கனமான சாமான் கேரவனின் அச்சுக்கு மேலே, தரையில் இருக்க வேண்டும். பின்பக்கம் கனமாக இருந்தால் 90 கி.மீ. வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். கொக்கியின் மேல் இறங்கும் எடை, அதாவது நோஸ் வெயிட், கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்கட்டும். ஆனால் காரின் டோ பாரில், அதாவது கேரவனை மாட்டும் இழுவைக் கம்பியில், எழுதியிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று, உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். பல கார்களின் கையேட்டில் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் இழுவை எடையில் 10 சதவீதம் குறைத்துக்கொள் என்று போட்டிருக்கும். உங்கள் கையேட்டைப் பாருங்கள். 800 மீட்டரில் தங்கினால் இந்தக் கவலையே இல்லை. ஆரேக்கரை அக்கா சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

#8 ரெடிங்காரன்

உடனே தராசை எடுத்துவிட்டேன். எங்களிடமும் 10 கிலோ அரிசி இருக்கிறது.

சட்டம், காகிதம் விஷயங்களையும் யாராவது சொல்ல முடியுமா? லைசென்ஸ் 2012இல் எடுத்தது.

#9 இழுவைவண்டி

சொல்கிறேன். 1997க்குப் பிறகு டெஸ்ட் எழுதியவர்களுக்கும் 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் 3500 கிலோ வரை இழுக்கும் உரிமை வந்துவிட்டது. ஆனால் உங்கள் கையில் உள்ள லைசென்ஸ் அட்டையில் பி+இ (அந்த இழுக்கும் உரிமையின் குறி) அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கிளம்பும் முன் புதிய அட்டை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுப் போலீஸ் அட்டையைத்தான் பார்ப்பார், நம் ஊர்ச் சட்ட மாற்றத்தை அல்ல.

வண்டி எந்த நாடு என்று காட்டும் பழைய ஜிபி ஸ்டிக்கர் செல்லாது, இப்போது யுகே. கேரவனின் பின்னாலும் வேண்டும். முக்கோண எச்சரிக்கைப் பலகை, மின்னும் மேலாடை, வலப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்ப ஹெட்லைட் ஒளியைத் திருப்பும் ஒட்டி எல்லாம் வேண்டும். சுவிட்சர்லாந்தில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

வேகம்: சுவிஸ் மோட்டார்வேயில் கேரவனோடு முன்பு 80 தான். 2021 ஜனவரி முதல், வண்டியும் கேரவனும் அதற்குத் தகுதியானவை என்றால் 100. மற்ற சாலைகளில் 80. பிரான்சில் கார், கேரவன் இரண்டின் உச்ச எடையையும் கூட்டி 3.5 டன்னைத் தாண்டினால் மோட்டார்வேயில் 90. உங்களுடையது தாண்டும் என்றே நினைக்கிறேன்.

முக்கியமான ஒன்று. கேரவன் கழன்றால் பிரேக் போடுகிற மெல்லிய கம்பி இருக்கிறதே, அதை இங்கே பலர் டோ பாரின் குண்டைச் சுற்றி மாட்டிவிடுகிறோம். சுவிட்சர்லாந்தில் அது ஏற்கப்படாது. டோ பாரில் அதற்கென்று தனி வளையம் இருக்க வேண்டும், கம்பி அதில் மாட்டியிருக்க வேண்டும். குண்டே கழன்று வந்தால் அதைச் சுற்றிய கம்பியும் கூடவே வந்துவிடும் அல்லவா? வளையம் இல்லையென்றால் இப்போதே பொருத்திவிடுங்கள், சின்னச் செலவுதான்.

#10 ஆரேக்கரை

விக்னெட் மறக்க வேண்டாம். மோட்டார்வேக்கு ஆண்டுக் கட்டணம் 40 பிராங்க். ஒருநாள் விக்னெட் என்று ஒன்று இங்கே இல்லை. காருக்கு ஒன்று, கேரவனுக்குத் தனியாக இன்னொன்று, ஆக 80. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம், அதோடு விக்னெட்டும் வாங்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் இணையத்திலும் வாங்கலாம், ஆனால் அரசின் சுங்கத் துறைத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அதே பொருளைக் கூடுதல் விலைக்கு விற்கிற தளங்கள் நிறைய. ஸ்டிக்கராக வாங்கினால் ஒட்டியிருக்க வேண்டும், பைக்குள் வைத்திருந்தால் செல்லாது.

வழிகாட்டிக் கருவியில் வேகக் கேமராவைக் காட்டும் வசதி இருந்தால் எல்லைக்கு முன்பே அணைத்துவிடுங்கள். இங்கே அது சட்டவிரோதம்.

அம்மாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு என்றால் செங்கன் விசா தேவை. கூடுதல் இரவு தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதாவது சுவிஸ். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அவ இந்தியாவில் இருக்கும்போதே, சென்னையில் எடுத்துவிடச் சொல்லுங்கள். லண்டன் வந்த பிறகு பார்ப்போம் என்று விட்டால் பயணமே நின்றுபோகும்.

#11 ரெடிங்காரன்

அக்கா, விசா விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. பிரிட்டன் விசா மட்டும்தான் எடுத்திருந்தோம். இன்று காலை அம்மாவிடம் பேசிவிட்டேன், தம்பி கூட்டிப் போகிறான். இந்த ஒரு பதிலுக்காகவே உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

#12 சமையல்கட்டு

சமையலைப் பற்றி யாரும் பேசவில்லையே! நாங்கள் மில்டன் கீன்ஸ், மூன்று தடவை ஐரோப்பா போய் வந்தோம்.

பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குள் இறைச்சி, பால், தயிர், நெய், பன்னீர் எதுவும் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய் எல்லாவற்றுக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே அதுவும் வேண்டாம். அரிசி, பருப்பு, சாம்பார் பொடி, புளி, காய்ந்த மிளகாய் பிரச்சினை இல்லை. நான் கிளம்பும் முன் புளிக்காய்ச்சல் செய்து இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்வேன். முதல் இரண்டு நாள் ஓட்டக் களைப்பில் சோறு வடித்தால் போதும்.

மின்சாரம்தான் அடுத்தது. முகாம் இடத்தில் 6 ஆம்பியர் என்றால் மொத்தமே 1380 வாட். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் உடனே கட் ஆகும். குக்கர் கேஸில் வையுங்கள், மிக்ஸி மட்டும் கரண்டில். சில சுவிஸ் முகாம்களில் நம் நீல நிறப் பிளக் பொருந்தாது, சுவிஸ் மூன்று முனைச் சாக்கெட்டுதான் இருக்கும். அதற்கான அடாப்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் கேஸ் சிலிண்டரை அங்கே மாற்ற முடியாது. 12 இரவுக்கு நிறைந்த சிலிண்டர் ஒன்று தாராளம். சுரங்க ரயிலில் ஏறும் முன் வால்வை மூட வேண்டும், திறந்து பார்ப்பார்கள்.

#13 ஆரேக்கரை

கறிவேப்பிலைக்குக் கவலை வேண்டாம். பேர்ணில் எங்கள் தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மா எல்லாம் இருக்கிறது. வரும் வழியில் பேர்ண் தாண்டித்தானே போக வேண்டும்.

இங்கே ஐரோப்பா பிளாட்ஸ் என்ற இடத்தில் சமயங்களின் இல்லம் 2014 டிசம்பரில் திறந்தார்கள். ஒரே கட்டடத்தில் எங்கள் சிவன் கோவில், பள்ளிவாசல், பௌத்த விகாரை, தேவாலயம் எல்லாம் இருக்கிறது. எங்கள் கோவிலில் பூசை தமிழில் நடக்கும், பெண்களும் பூசை செய்கிறார்கள். ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, ஆரம்பத்தில் கார் நிறுத்தும் நிலவறைகளிலும் பழைய தொழிற்சாலைகளிலும் சாமியை வைத்துக் கும்பிட்ட சனம் நாங்கள். அந்த வாசலில் நிற்கும்போது இப்போதும் எனக்குக் கண் கலங்கும். அம்மாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். கேரவனை நகரத்துக்குள் கொண்டுவர வேண்டாம், முகாமிலிருந்து ரயிலில் வரலாம்.

#14 ரெடிங்காரன்

அம்மாவிடம் சொன்னேன். பனியைவிட இதைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்.

பனி எங்கே தொடுவது? மலை ரயில் போகும் யுங்ஃப்ராயோக் என்று பார்த்தால் 3454 மீட்டர் உயரம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முழங்கால் வலியும் உண்டு.

#15 ஆரேக்கரை

முதலில் அவவின் வைத்தியரிடம் கேளுங்கள், இது எங்கள் யாருடைய பேச்சையும் வைத்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. அவர் சரி என்றால், வந்த மறுநாளே மேலே போக வேண்டாம். முதல் நாள் பள்ளத்தாக்கில் மெதுவாக நடக்கட்டும். அடுத்த நாள் பல்சக்கர ரயிலில் வெங்கன் வழியாகக் க்ளைன ஷைடெக், 2061 மீட்டர். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று மலையும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அங்கே மூச்சு வாங்காமல் இருந்தால் மூன்றாம் நாள் மேலே போகலாம்.

இன்னும் கொஞ்சம் உயரம் குறைந்த இடம் வேண்டுமென்றால் எங்கெல்பெர்க்கிலிருந்து டிட்லிஸ். கேபிள் கார் 3020 மீட்டர் வரை போகும். ஜூலையிலும் பனி இருக்கும். எங்கே போனாலும் காலையில் வெப்கேமராவைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். முகில் மூடியிருந்தால் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள், சீட்டு விலையோ மிக அதிகம். ஒரே இடத்தில் ஒரு கிழமை தங்குவதன் நன்மை இதுதான், நல்ல நாளுக்குக் காத்திருக்கலாம்.

ரயிலுக்கு அரைக் கட்டண அட்டை எடுத்தால் மகளுக்கு ஃபேமிலி கார்டு என்ற பயண அட்டை இலவசமாகக் கிடைக்கும், உங்களோடு வரும்போது அவளுக்குப் பெரும்பாலான ரயில்களில் கட்டணம் இல்லை. மலை ரயில்களில் எதற்குச் செல்லும் என்று சீட்டு எடுக்கும்போது கேளுங்கள்.

#16 இழுவைவண்டி

ஃபொய்ன் (Föhn) என்ற மலைக்காற்றைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் சூடான காற்று. பிரியன்ஸ் ஏரி, மைரிங்கன் பக்கம் திடீரென்று அடிக்கும். அந்தக் காற்றில் தீப்பிடித்து மைரிங்கன் ஊர் 1879இலும் 1891இலும் எரிந்திருக்கிறது. முன்கூடாரத்தை விரித்துவிட்டு நாள் முழுக்க வெளியே போகாதீர்கள். கிளம்பும்போது சுருட்டிவிடுங்கள், அல்லது புயல் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

#17 ரெடிங்காரன்

திருத்திய திட்டம் இது. கலே, ரேம்ஸ் அருகே 1 இரவு. மெட்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க் வழியாக வந்து ஆல்சாஸில் 1 இரவு. பாஸல், பேர்ண், துன் வழியாக லவுட்டர்புருன்னன், அங்கே 8 இரவு. திரும்பும்போதும் வழியில் 2 இரவு. கணவாய்ச் சுற்று வெறும் காரில். கேரவன் தாண்டும் கணவாய்: ஒன்றும் இல்லை. எடை மேடையில் 1410 கிலோ. டோ பாரில் வளையம் பொருத்தியாகிவிட்டது. இடம் முன்பதிவு ஆகிவிட்டது, அம்மாவின் விசாவும் போன வாரம் வந்துவிட்டது.

#18 கணக்குப்பிள்ளை

1410. மிக நன்று. டயர்களின் வயதையும் பார்த்துவிடுங்கள், பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரித்த வருடம். கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே வெடித்துப்போகும், ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

#19 ரெடிங்காரன்

லவுட்டர்புருன்னனிலிருந்து எழுதுகிறேன். ஆறாவது இரவு. வைத்தியர் சரி சொன்னார், நேற்று யுங்ஃப்ராயோக் போனோம். காலை ஐந்தரைக்கு வெப்கேமராவைப் பார்த்தேன், வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது.

வெளியே பனிமேட்டில் கால் வைத்ததும் அம்மா என் கையை விட்டுவிட்டார். குனிய முடியாது என்பதால் மகள்தான் இரண்டு கையிலும் அள்ளிக் கொடுத்தாள். அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். உருகித் தண்ணீர் மணிக்கட்டு வழியாகச் சேலைக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. அப்பாவுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் லேசாகத் தலை கனக்கிறது என்றதும் உடனே இறங்கிவிட்டோம், ஷைடெக் வந்ததும் சரியாகிவிட்டது.

நாளை பேர்ண் கோவிலுக்கு ரயிலில் வருகிறோம் அக்கா. மதியம் இருப்பீர்களா?

அண்ணா, ஒரு கேள்வி. சனிக்கிழமை காலை கிளம்பலாம் என்றிருக்கிறோம். பாஸல் பக்கம் நெரிசல் எப்படி?

#20 ஆரேக்கரை

பதினொன்றரைக்கே வாசலில் நிற்பேன். அம்மாவுக்குச் சாப்பாடு என் வீட்டில்தான், மறுக்கக் கூடாது.

#21 இழுவைவண்டி

ஜூலை சனிக்கிழமை வேண்டாம் தம்பி, எல்லோரும் அன்றுதான் வடக்கும் தெற்கும் போவார்கள். முகாமில் இன்னொரு இரவு கிடைக்குமா கேளுங்கள். ஞாயிறு காலை முகாம் வாசலின் தடுப்புக் கம்பம் திறந்ததும் கிளம்புங்கள். முந்தின நாள் மாலையே கூடாரத்தைக் காயவைத்து மடித்துவிடுங்கள், சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒரு தடவை பாருங்கள். பாஸல் தாண்டியதும் ஒரு வரி எழுதுங்கள்.